நீலகண்டனுக்கு யோபுவின் கதையைச் சொன்னவர்

உதயகிரிக் கோட்டைக்குள் கால் வைத்ததும் வெயில் சட்டென்று அடங்கிவிட்டது. அத்தனை மரங்கள். இப்போது வனத்துறை பராமரிக்கும் பூங்காவாக இருப்பதால் பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள்தான் அதிகம். நாங்கள் தேடி வந்தது பூங்காவை அல்ல, உள்ளே இருக்கும் ஒரு கல்லறையை. கூரையில்லாத பழைய சிற்றாலயம் ஒன்றின் சுவர்களுக்கு நடுவே அது இருக்கிறது. மேலே கல்லில் தமிழிலும் லத்தீனிலும் எழுத்துகள். எவுஸ்தாக்கியுஸ் தெ லனாய் என்ற டச்சுத் தளபதி 1777-ல் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டார்.

புனித தேவசகாயத்தைத் தரிசிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய கல்லறை இருக்கும் கோட்டாறுக்கும் அவர் உயிரை விட்ட காற்றாடிமலைக்கும்தான் போவார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் திட்டமிட்டிருந்தோம். கிளம்புவதற்கு முந்தின இரவு, தேவசகாயத்தின் வரலாற்றை மறுபடி வாசித்தபோது, அவருக்கு இயேசுவைப் பற்றி முதலில் சொன்னவர் யார் என்ற இடத்திலேயே மனம் நின்றுவிட்டது. அங்கிருந்தே தொடங்கலாம் என்றேன். மனைவியும் சரி என்றாள்.

1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். கைதிகளாகப் பிடிபட்டவர்களில் தெ லனாயும் ஒருவர். மன்னர் மார்த்தாண்ட வர்மா அவருடைய திறமையைப் பார்த்துத் தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். இந்தக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டும் வேலையும் அவரிடம் வந்தது. அப்போது பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக இருந்தவர் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டன். பின்னாளில் தேவசகாயம் ஆனவர் இவர்தான். 1712-ல் பிறந்தவர், தெ லனாயைச் சந்தித்தபோது முப்பதைத் தாண்டிய வயது. அரண்மனை வேலை இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

நீலகண்டனுக்கு அது கஷ்ட காலம். வீட்டில் ஆடுமாடுகள் செத்தன, விளைச்சல் போனது. முகம் வாடியிருந்ததைக் கவனித்த தெ லனாய் என்ன விஷயம் என்று கேட்டார். கேட்டுவிட்டு விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். சொத்தும் பிள்ளைகளும் ஒரே நாளில் போன பிறகும், "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்று சொன்ன மனிதரின் கதை. நீலகண்டன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா போய்விடவில்லை. மேலும் கேட்டார். இவரும் மேலும் சொன்னார். 2022 மே 15 அன்று ரோமில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தாரே, குருவோ துறவியோ அல்லாத இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர், அவருடைய விசுவாசம் தொடங்கியது இப்படி வேலை செய்த இடத்தில் நடந்த பேச்சில்தான்.

தெ லனாய் குருவானவர் இல்லை. மறைப்பணியாளராக அனுப்பப்பட்டவரும் இல்லை. ஊர் விட்டு ஊர் வந்து தோற்றுப்போன ஒரு சிப்பாய். தன்னைச் சிறைப்பிடித்த அரசனிடமே வேலை பார்த்தவர். பேசாமல் இருப்பதற்கு அவருக்கு இருந்த காரணங்களை நம்மில் யாருக்கும் இருக்கும் காரணங்களோடு ஒப்பிடவே முடியாது. இருந்தும் பக்கத்தில் ஒருவர் துக்கத்தோடு நின்றபோது அவர் வாயைத் திறந்தார்.

அந்தக் கல்லறைப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என் நண்பர் ஒருவரின் நினைவு வந்தது. அலுவலகத்தில் ஒன்பது வருடமாக எனக்கு அடுத்த மேஜை. போன வருடம் அவருடைய மகன் விபத்தில் இறந்துபோனான். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன். நான் துக்கம் விசாரிக்கப் போனேன், மாலை போட்டேன், ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன். அவர் வேலைக்கு வந்த பிறகு, "தைரியமா இருங்கண்ணே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வேறு மதம், நான் ஏதாவது சொல்லப்போய் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒருநாள் மதிய உணவு நேரத்தில் அவராகவே, "உங்க சாமி இதுக்கெல்லாம் என்ன சொல்றார்?" என்று கேட்டார். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, "அதெல்லாம் பெரிய விஷயம்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், பங்கில் வாசகம் வாசிக்கிறவன். ஒரு மனிதர் நேருக்கு நேர் கேட்டபோது எழுந்து போனேன்.

இதை மனைவியிடம் அங்கே வைத்துத்தான் முதல்முறையாகச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "யோபுவோட நண்பர்கள் முதல்ல என்ன செஞ்சாங்க, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். ஏழு பகல், ஏழு இரவு அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர்கள் செய்தவற்றில் உருப்படியானது அதுதான். வாயைத் திறந்து நியாயம் பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "பேசாம இருந்தது தப்பில்லைங்க, பக்கத்துல இல்லாம போனதுதான்" என்றாள். அவர்கள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேசாமல் என் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். வித்தியாசம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

நற்செய்தி அறிவிப்பது என்றாலே மேடையும் ஒலிபெருக்கியும் துண்டுப் பிரசுரமும்தான் நம்மில் பலருக்கும் ஞாபகம் வருகிறது. அது நமக்கு வராது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பேதுரு தன் முதல் திருமுகத்தில் கேட்பது அதை அல்ல. உங்கள் எதிர்நோக்கைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள், அதையும் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்கிறார். கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துத்தான் அந்த வசனமே தொடங்குகிறது. கேட்கத் தோன்றும் அளவுக்கு நம் வாழ்க்கையில் ஏதாவது தெரிய வேண்டும், கேட்கும்போது எழுந்து போகாமலும் இருக்க வேண்டும்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை. கிறிஸ்தவரான பிறகு சிறைப்பட்டு நடத்திச் செல்லப்பட்டபோது தாகத்தில் தவித்த தேவசகாயம் பாறையில் முழங்கையால் இடிக்க, தண்ணீர் வந்தது என்பது இங்குள்ள நம்பிக்கை. சின்னக் குழியில் தண்ணீர் இருந்தது. குடித்தோம். அன்று மாலை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவருடைய கல்லறைக்கு முன்னால் நெடுநேரம் முழங்காலில் இருந்தோம். அங்கே நான் செபித்ததை இங்கே எழுதப் போவதில்லை.

மறுநாள் காலையில் வடக்கன்குளம். நீலகண்டனைத் தெ லனாய் இங்கேதான் அனுப்பினார், இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாருக்கு ஒரு கடிதமும் கொடுத்து. 1745 மே 14 அன்று இங்கே திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். இலாசர் என்ற பெயரைத்தான் தமிழில் அப்படி வைத்தார்கள். கடவுளே உதவி என்று பொருள். அவர் இங்கிருந்து திரும்பிப் போய் முதலில் பேசியது ஊர்ச் சந்தையில் அல்ல, தன் வீட்டில். மனைவி பார்கவி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு அந்த அம்மாவும் ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். இந்த ஊரிலேயே அடக்கமும் ஆனார். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் நம்முடைய உண்மை நிறம் தெரியும். அவர்கள் நம்புவதுதான் கடினம். அந்தக் காத்திருப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஆலயத்தைச் சுற்றி வந்தோம்.

வடக்கன்குளத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. தேவசகாயம் கிறிஸ்தவரான பிறகு சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார், சேர்ந்து உண்டார். அதுவும் அவர்மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம். அவர் திருமுழுக்குப் பெற்ற இதே ஊரில், அவர் இறந்து நூறு வருடத்துக்கும் மேலான பிறகு, 1872-ல் கட்டிய ஆலயத்தில் ஒரு சாதியார் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமும் நிற்கும்படி இரண்டு கூடங்கள் வைத்து நடுவே சுவரும் எழுப்பினார்கள். ஒரே பீடம், ஒரே அப்பம், நடுவில் சுவர். 1910-ல்தான் அந்தச் சுவர் இடிபட்டது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வலி, அங்கே போய் நின்றபோது இன்னும் அதிகமானது. நம் கோயிலுக்குள்ளேயே ஒருவரைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு வெளியே போய் அன்பைப் பற்றிச் சொன்னால் கேட்கிறவர் ஏன் நம்ப வேண்டும்? சுவர் போய்விட்டது, கல்யாணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் இன்னும் சில இடங்களில் அது இருப்பதை நாம் எல்லாரும் அறிவோம். இந்தத் திருத்தலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற ஒவ்வொருவரும் அதையும் சேர்த்து மனதில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிற்பகலில் ஆரல்வாய்மொழி. காற்று ஆளையே தள்ளியது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. மலையடிவாரத்தில் வியாகுல அன்னை ஆலயம். 1749 பிப்ரவரியில் கைதான தேவசகாயத்தை ஏறக்குறைய மூன்று வருடம் ஊர் ஊராகக் கொண்டுபோய் வதைத்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் திருப்பி உட்கார வைத்து ஊர்வலம் விட்டார்கள். காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். பெருவிளையில் வேப்பமரத்தோடு கட்டிப்போட்டார்கள். அங்கே கட்டுண்டு கிடந்தவரைப் பார்க்க ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். துன்பத்தோடு வந்தவர்களுக்கு அவர் ஆறுதல் சொன்னார். யோபுவின் கதையை ஒருநாள் யாரோ தனக்குச் சொன்னார்களே, அதைத்தான் அவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று, இந்தக் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

மேலே மணியடிச்சான் பாறை இருக்கிறது. கல்லால் தட்டினால் மணி போலவே ஓசை வரும். தயங்கி நின்ற என்னைப் பார்த்து, அங்கே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "கல்லெடுத்துத் தட்டு மக்கா, சும்மா நின்னா சத்தம் வருமா?" என்றார். தட்டினேன். அந்த ஓசை காற்றோடு கொஞ்ச தூரம் போவது காதுக்குத் தெரிந்தது. பாட்டி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மறுபடி செபமாலைக்குப் போய்விட்டார்.

இறங்கி வந்து பேருந்துக்கு நிற்கும்போது செல்பேசியை எடுத்தேன். கை நடுங்கியது உண்மை. மனைவி என் பையை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள்.

"அண்ணே, நான்தான். நல்லா இருக்கீங்களா?"

"என்னப்பா, லீவுல இருக்கிற ஆளு. எங்க, காத்துச் சத்தம் இப்படிக் கேக்குது?"

"ஆரல்வாய்மொழியிலண்ணே. தேவசகாயம்னு ஒரு புனிதர், அவர் உயிரை விட்ட மலை."

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. நானும் பேசவில்லை. இந்த முறை நான் எழுந்து போகவில்லை.

"அண்ணே, அன்னைக்குச் சாப்பிடும்போது நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் பதில் சொல்லாம போயிட்டேன். மன்னிச்சிருங்க. இப்பவும் எங்கிட்டப் பெரிய பதில் எதுவும் இல்லை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமா? தம்பியைப் பத்திப் பேசுங்க, நான் உக்காந்து கேக்கிறேன்."

"வா" என்றார். குரல் உடைந்திருந்தது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவரை ஏன்ப்பா கொன்னாங்க?" என்று கேட்டார்.

நாகர்கோவில் பேருந்து வந்து நின்றது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அது போகட்டும் என்று விட்டுவிட்டோம். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, "அவருக்கும் ஒரு கஷ்ட காலம் வந்துச்சுண்ணே, அப்ப அவர்கூட வேலை பார்த்த ஒருத்தர்..." என்று ஆரம்பித்தேன்.