டிராக்கோவின் மங்கிய விண்மீன்களை அளந்தபோது

பால்வழியைச் சுற்றும் டிராக்கோ குள்ள கேலக்ஸியின் விண்மீன்களை, ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஏசிஎஸ் கேமரா எஃப்606டபிள்யூ, எஃப்814டபிள்யூ என்ற இரு நிற வடிப்பான்களில் எடுத்த படங்களை வைத்து அளந்தோம். விண்மீன் பொலிவை அளக்கும் மென்பொருள் டால்ஃபாட். நிறம்-பொலிவு வரைபடத்தில், தொலைவுக் கணக்குப்படி கிடைமட்டக் கிளை (மையத்தில் ஹீலியம் எரிக்கும் முதிய விண்மீன்களின் வரிசை) 20ஆம் மேக்னிட்யூடை ஒட்டி வரும்; மேக்னிட்யூடு எண் கூடக்கூடப் பொலிவு குறைவு. வயதைக் காட்டும் முதன்மைத் தொடர்த் திருப்பம் (மைய ஹைட்ரஜன் தீர்ந்து விண்மீன்கள் முதன்மைத் தொடரை விட்டு விலகும் இடம்) 23.5 வாக்கில். அதற்கும் கீழே ஓரிரண்டு மேக்னிட்யூடு நம்பகமாக எட்டினால்தான் வயதைப் பற்றிப் பேசலாம்.

காப்பகத்தில் ஒரே காட்சிக்கு இரண்டு வகைக் கோப்புகள் கிடைக்கும். பளிச்சென்று இருப்பது பல படங்களை ஒன்றுசேர்த்த டிஆர்சி. அதிலேயே அளந்துவிடத் தோன்றும், கூடாது. பிக்சல்களை மறுபடி அடுக்கும்போது பக்கத்துப் பிக்சல்களின் இரைச்சல் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் பிழை மதிப்பு உண்மையைவிடச் சிறிதாக வரும். டிஆர்சி, விண்மீன்களின் இட ஆயங்களுக்கு மட்டும். அளவீடு, இரண்டாவது வகையான, ஒன்றுசேர்க்காத தனித்தனி எஃப்எல்சி படங்களில். பழுதான பிக்சல்களுக்கு முகமூடி, கேமராவின் சில்லுகளைப் பிரித்தல், வானப் பின்னணி, பிறகு டால்ஃபாட் என்ற வரிசையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதிவுக் கோப்பில் படப் பொருத்தத்தின் விலகலை மட்டும் பார்த்தாக வேண்டும். அரைப் பிக்சலைத் தாண்டினால் அந்தப் படத்தை நிறுத்திவிட்டுத் தொடக்க நகர்வை மாற்றி ஓட்டுங்கள்.

அடுத்தது வடிகட்டல். மங்கிய பகுதியில் தொல்லை பின்னணி கேலக்ஸிகள்தான். ஒரு புள்ளி எவ்வளவு கூரானது என்று நிரல் தரும் கூர்மை எண் பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் விண்மீன். டால்ஃபாட்டில் எதிர்மறை என்றால் பரந்த பொருள், நேர்மறை என்றால் காஸ்மிக் கதிர். டாவ்ஃபாட் என்ற இன்னொரு அளவீட்டு மென்பொருளில் இதே குறி தலைகீழ்! அங்கிருந்து வருபவர்கள் பழைய வெட்டை (ஏற்கும் எல்லையை) அப்படியே போட்டால் கேலக்ஸிகளை வைத்துக்கொண்டு வேறெதையோ எறிவார்கள்.

கிடைமட்டக் கிளையின் நடுவில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளை மோசமான அளவீடு என்று நீக்கிவிடாதீர்கள். அவை பொலிவு சீராக ஏறி இறங்கும் ஆர்ஆர் லைரே மாறும் விண்மீன்கள். வானியலாளர்கள் பாடேயும் ஸ்வோப்பும் 1961இலேயே டிராக்கோவில் 260க்கும் மேற்பட்ட மாறும் விண்மீன்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருசில படங்களே இருந்தால் ஒவ்வொன்றும் ஏற்ற இறக்கத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் பிடிபடுகிறது, அதனால்தான் சிதறல்.

நேரம் விழுங்குவது செயற்கை விண்மீன் சோதனை. தெரிந்த பொலிவும் நிறமும் கொண்ட பொய் விண்மீன்களைப் படத்தில் இட்டு, அதே வடிகட்டலோடு எத்தனை திரும்பி வருகின்றன, எவ்வளவு விலகி வருகின்றன என்று எண்ண வேண்டும். டால்ஃபாட் ஒவ்வொன்றாக இடுவதால் படத்தில் விண்மீன் நெரிசல் மாறாது. டாவ்ஃபாட்டில் நாமே இடும்போது இருக்கும் விண்மீன்களில் சில சதவீதத்துக்கு மேல் ஒரே நேரத்தில் இடக்கூடாது. நிரல் தரும் பிழை ஃபோட்டான் இரைச்சலை மட்டுமே கணக்கிடுகிறது. நெரிசலால் வரும் சாய்வு இந்தச் சோதனையில்தான் தெரியும். மங்கிய விண்மீன் பக்கத்து ஒளியை விழுங்கி, உள்ளதைவிடப் பொலிவாகத் திரும்பும். நட்சத்திர உருவாக்க வரலாற்றைப் பொருத்தும்போது இட்டவற்றில் பாதிக்குக் கீழே மீட்பு விழுந்த மேக்னிட்யூடோடு வெட்டிக்கொண்டோம். அதற்குக் கீழே எத்தனை புள்ளிகள் அழகாகத் தெரிந்தாலும் எடுக்கவில்லை.