20 மெகாபைட் வன்தட்டும் அதன் முதுகில் ஒட்டியிருந்த தாளும்

1989-இல் கோலாலம்பூரின் இம்பி பிளாசா கணினிக் கடைத்தொகுதியில், எக்ஸ்டி என்ற பழைய வகையைச் சேர்ந்த என் கணினிக்கு 20 மெகாபைட் வன்தட்டு ஒன்று வாங்கினேன். கடையிலேயே ஃபார்மட் செய்து டாஸ் 3.3 இயங்குதளத்தையும் ஏற்றிக் கொடுத்தார்கள். அங்கே குறை ஒன்றும் தெரியவில்லை. செந்தூலில், எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில், உச்சி வெயிலில்தான் அது முரண்டு பிடித்தது. செக்டரை, அதாவது தட்டில் தரவு பதியும் சிறு துண்டை, காணவில்லை என்று பிழை காட்டிய அதே கோப்பு இரவில் சமர்த்தாகத் திறந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் கணினி பழுதுபார்ப்பவர். "கடையில் ஏர்கண்டிஷன் இருந்ததா, தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். இருந்தது. அதுதான் காரணம் என்றார். அந்தக் காலத்து மலிவு வன்தட்டுகளில், தரவைப் படித்து எழுதும் முனையான ஹெட்டை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். சொன்ன படிகள் நகர்ந்து நிற்குமே தவிர, தடம் (தரவு எழுதிய வட்டம்) அங்கேதான் இருக்கிறதா என்று அது பார்க்காது. குளிரில் எழுதிய தடம், சூட்டில் உலோகம் விரியும்போது ஹெட்டுக்கு விலகிப்போகும். எனவே தடங்களையே புதிதாகப் போடும் அடிப்படை ஃபார்மட்டை வீட்டிலேயே, இயந்திரம் அரை மணி நேரமாவது ஓடிச் சூடேறிய பிறகு செய்ய வேண்டும் என்றார்.

இருந்த கோப்புகளை நெகிழ்தட்டுகளில் நகலெடுத்துவிட்டு, டாஸுடன் வரும் டீபக் நிரலில் ஜி=சி800:5 என்று தட்டினோம். வன்தட்டை இயக்கும் கட்டுப்பாட்டு அட்டையின் ரோம் சில்லில் இருக்கும் ஃபார்மட் நிரல் திரைக்கு வந்தது. 615 சிலிண்டர் (எல்லா ஹெட்டுக்கும் நேராக ஒரே நிலையில் இருக்கும் தடங்களின் தொகுப்பு), 4 ஹெட். தடத்துக்கு 17 செக்டர். இன்டர்லீவ், அதாவது அடுத்தடுத்த எண்ணுள்ள செக்டர்களை எத்தனை இடம் தள்ளி வைப்பது, எவ்வளவு என்று கேட்டது. 3 கொடுத்தோம். 1 என்று கொடுத்தால் வேகம் கூடும் என்று பலர் நினைத்தார்கள், நடந்தது நேர்மாறு. எக்ஸ்டி ஒரு செக்டரை வாங்கி முடிப்பதற்குள் அடுத்தது ஹெட்டைக் கடந்துவிடும். அது திரும்பி வர ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும்.

அடுத்து வந்த கேள்விதான் முக்கியம்: பழுதுத் தடங்கள் எவை? விடை வன்தட்டின் முதுகில் ஒட்டியிருந்த தாளில் இருந்தது. தொழிற்சாலையில் அச்சிட்ட பட்டியல். சிலிண்டர், ஹெட், தடத்தின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்று ஐந்து வரிகள். அவற்றில் இரண்டு ஒரே தடத்தைச் சேர்ந்தவை. கடைக்காரர் இந்தப் பட்டியலைத் தொடவே இல்லை என்பது என் ஊகம். ஃபார்மட் நிரலே கண்டுபிடித்துவிடாதா என்று கேட்டேன். இல்லை என்று அண்ணன் தலையை ஆட்டினார். தொழிற்சாலைக் கருவி காந்த சமிக்ஞையின் வலுவையே அளக்கிறது. நம் நிரலுக்குப் படிக்க முடிந்ததா, முடியவில்லையா என்பது மட்டும்தான் தெரியும். இன்று தப்பித்த பலவீனமான இடம் ஆறு மாதம் கழித்துக் கோப்பை விழுங்கும். நான்கு தடங்களையும் கையால் தட்டிக் கொடுத்தோம். பட்டியலில் சிலிண்டர் 0 இல்லாதது நல்லகாலம். கணினி தொடங்கத் தேவையான பூட் செக்டரையும், எந்தக் கோப்பு எங்கே என்று குறிக்கும் ஃபேட் அட்டவணையையும் டாஸ் வைப்பது அங்கேதான்.

அடுத்து, வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலில் சிக்கல் இல்லை. டாஸ் 3.3-இல் ஒரு பகுதிக்கு 32 மெகாபைட் வரம்பு. எங்களுடையது அதற்குள் அடங்கிவிட்டது. பிறகு, டாஸையும் சேர்த்து ஏற்றும் ஃபார்மட் சி: /எஸ் கட்டளை. விலக்கிய தடங்களைப் படிக்க முடியாமல் அந்தந்த இடத்தில் வன்தட்டு கரகரத்து நின்று, பிறகு நகர்ந்தது.

தட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் நிரல் காட்டிய பழுதுக் கணக்கு 40,960 பைட். ஒரு தடம் 17 செக்டர், டாஸ் இடம் ஒதுக்கும் அலகான ஒரு கிளஸ்டர் 4 செக்டர். தடம் ஒன்றுக்கு 5 கிளஸ்டர் போகும், கிளஸ்டருக்கு 2,048 பைட். நான்கு தடத்துக்கும் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன், சரியாக வந்தது. அதன்பின் மதிய வேளைத் தகராறும் நின்றுவிட்டது.