சாக்ஸபோனும் ஷகுஹாச்சியும்

கர்நாடக இசைக் கலைஞர் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பதை, ஊதியதைக் கேட்டவர்களுக்கு, அதே வாத்தியம் ஜப்பானிய இசையோடு சேர்வது அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. கொழும்பு வெள்ளவத்தைக் கோயில்களில் நாதஸ்வரம் கேட்டுப் பழகிய எனக்கு அந்தச் சேர்க்கை உடனே பிடித்துப்போனது.

ஷகுஹாச்சி ஒரு ஜப்பானிய மூங்கில் குழல். துளைகள் ஐந்துதான், முன்னால் நான்கு, பின்னால் ஒன்று. மிச்சச் சுரங்களெல்லாம் துளையைப் பாதி மூடுவதிலும் தலையைச் சாய்த்து ஊதும் கோணத்தை மாற்றுவதிலும் வருகின்றன, சுரம் வழுக்கிக்கொண்டே போகும், நடுவில் மூச்சுக்காற்றின் இரைச்சலும் கேட்கும், அந்த இரைச்சலும் இசைதான். சாக்ஸபோனில் நிறையச் சாவிகள் இருந்தாலும் உதட்டாலும் தொண்டையாலும் சுரத்தை வளைக்க முடியும். ரியோ நோடா என்ற ஜப்பானிய சாக்ஸபோன் கலைஞர் 1970களில் தனி சாக்ஸபோனுக்கு எழுதியவற்றில் ஷகுஹாச்சியின் மூச்சையே கொண்டுவந்திருக்கிறார். கட்டாயம் கேளுங்கள், ஹெட்போனில் கேளுங்கள், கொழும்புக் காலி வீதியில் ஓடும் பஸ் சத்தத்தில் பாதி காணாமல் போய்விடும்.

சேர்த்து வாசிக்கும்போது சிக்கல் சத்தம்தான். சாக்ஸபோன் முழு மூச்சில் ஊதினால் மூங்கில் குழல் அமுங்கிவிடும், அதனால் தணிந்து ஊதத் தெரிந்தவர் வேண்டும். 13 தந்திகள் கொண்ட ஜப்பானிய வாத்தியமான கோத்தோவோடும் அப்படித்தான், மீட்டியதும் நாதம் சீக்கிரம் தேய்ந்துவிடும், அந்த இடைவெளியைச் சாக்ஸபோன் நிரப்பாமல் விடவேண்டும். இதில் டிரம்ஸை வேறு போட்டு அடிப்பவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.