என் ஹைலக்ஸின் பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்ட அனுபவம்

பினாங்குத் தீவில் பாலேக் பூலாவிலிருந்து பாயா தெருபோங் பக்கம் வரும் துன் சார்டோன் மலைச்சாலையில் பாரம் ஏற்றி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். டுரியான் சீசனில் வாரத்துக்கு மூன்று நாள் கூடைகளை அடுக்கிக்கொண்டு அதில்தான் இறங்குவேன். இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்தாலும் பாதி மலையில் பெடல் ஆழமாகப் போகத் தொடங்கும். சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளையான ட்ரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகும். அந்த இடைவெளியை நம் கால்தான் நிரப்ப வேண்டும்.

என் வண்டி 2008 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லாதது. முன்னால் டிஸ்க் (சுழலும் தட்டை இரு பக்கமும் பேட் கவ்வும் பிரேக்), பின்னால் ட்ரம். 2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தில் அச்சு வரைக்கும் சேறு. அதற்குப் பிறகு பின் பிரேக் பழைய நிலைக்கு வரவே இல்லை. மழையில் முதல் மிதிக்கு ஒன்றும் பிடிக்காது, இரண்டாவது மிதிக்கு ஒரு பக்கம் மட்டும் கவ்வும். ட்ரம்மை லேத்தில் கொடுத்து ஒரு தடவை கடைந்தோம். ட்ரம்மின் மேலேயே அதிகபட்ச உள்விட்டத்தைப் பொறித்திருப்பார்கள். அடுத்த முறை அளந்தபோது அதைத் தாண்டிவிட்டது. எப்படியும் புதிது வாங்கத்தான் வேண்டும் என்ற நிலையில்தான் டிஸ்க் யோசனை வந்தது. உங்கள் ட்ரம் நன்றாக இருந்தால் புது ஷூவும், அதைத் தள்ளும் வீல் சிலிண்டரும் போதும். அழகுக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

தாய்லாந்தில் செய்த டிஸ்க் பிரேக் கிட் ஒன்று 3,000 மலேசிய வெள்ளிக்கு மேல் ஆனது. தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பார்த்தேன். முதலாவது ஹேண்ட்பிரேக். சில கிட்டில் அது, பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரோடு சேர்ந்தே இருக்கும். சிலவற்றில் டிஸ்க்கின் நடுக்குழிக்குள் ஒரு சின்ன ட்ரம் தனியாக இருக்கும். தோட்டத்துச் சரிவில் பாரத்தோடு நிறுத்துகிறவன் நான், அதனால் சின்ன ட்ரம் உள்ளதையே எடுத்தேன். இரண்டாவது காலிப்பர் பிஸ்டனின் அளவு. ட்ரம்மில் ஷூ சக்கரத்தின் சுழற்சியோடு சேர்ந்து தானாகவே இறுகும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, முழு அழுத்தத்தையும் பிரேக் எண்ணெய்தான் கொடுக்க வேண்டும். அதற்காகப் பிஸ்டன் பெரிதாக இருந்தால் நல்லது என்று வாங்கினால், பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டர் அதை நிரப்பத் திணறும், பெடல் தரையைத் தொடும்.

வேலையைப் பிறையில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பின் அச்சை உருவி, பேரிங்கை பிரஸ்ஸில் கழற்றினால்தான் பழைய பின்தட்டு வெளியே வரும். நட்டைக் கழற்றி மாட்டுகிற சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். பேரிங்கும் ஆயில் சீலும் அப்போதே புதிதாகப் போட்டுவிட வேண்டும். பழைய சீலில் கியர் எண்ணெய் கசிந்து புது பேடில் பட்டால் அந்த பேடைத் தூக்கிப் போடவேண்டியதுதான்.

மூன்றாம் நாள் வண்டி கைக்கு வந்தது. பெடலை மிதித்தால் பஞ்சுத் தலையணையை மிதிப்பதுபோல் இருந்தது. காற்று இருக்கிறது என்று மறுபடி எண்ணெய் விட்டு ப்ளீட் செய்தார்கள், அதாவது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றினார்கள். மறுநாள் இன்னொரு தடவை. ஒரு லிட்டர் டாட் 4 பிரேக் எண்ணெய் தீர்ந்தது. அப்புறம் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, அதையும் மாற்றலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மெதுவாக ஓட்டியும் போகக்கூடாது என்று டோ லோரி பிடித்து புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பழைய போர்மேனிடம் கொண்டுபோனேன்.

அவர் கருவியையே எடுக்கவில்லை. டார்ச்சோடு கீழே குனிந்தார்.

"தம்பி, இங்க வந்து பாருங்க. நிப்பிள் எந்தப் பக்கம் பாக்குது?"

"கீழ பாக்குதுண்ணே."

"காத்து எங்க இருக்கும்? மேலதானே?"

இடது காலிப்பரை வலப்பக்கமும் வலது காலிப்பரை இடப்பக்கமும் மாட்டியிருந்தார்கள். காற்று வெளியேற வேண்டிய நிப்பிள் இரண்டு பக்கமும் அடியில் இருந்தது. எத்தனை லிட்டர் ஊற்றினாலும் கீழிருந்து எண்ணெய்தான் வரும், மேலே குமிழி அப்படியே உட்கார்ந்திருக்கும். இரண்டையும் இடம் மாற்றி, பைப் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போட்டு, நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு போத்தலுக்குள் விட்டார். நான் பெடலில். முதல் மிதியிலேயே குழாய் முழுக்க நுரை. பத்துப் பன்னிரண்டு மிதிக்குள் எண்ணெய் தெளிந்து, கால் கல்லில் நின்றதுபோல் நின்றது. அந்த நிமிடம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வண்டியில்தான் என் பிள்ளைகளும் வருகிறார்கள்.

அதோடு முடியவில்லை. ஹைலக்ஸில் அச்சுக்கும் சேசிக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் அது வால்வைத் திறந்து பின்னால் கூடுதல் அழுத்தம் அனுப்பும். அது ட்ரம்முக்காக வைத்த அளவு. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலையில், ஈரத் தரையில், காலி வண்டியோடு மிதித்துப் பார்த்தோம். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வால் நகர்ந்தது. முன் சக்கரம் பூட்டுவதற்கு முன்பே பின் சக்கரம் பூட்டுவதைவிட ஆபத்து வேறு இல்லை. போர்மேன் அழுத்தமானியை மாட்டி, வால்வின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, காலியாகவும் பாரத்தோடும் மாறி மாறிச் சோதித்தார். அரை நாள் போனது. இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிறகு பேட் பழகுவதற்காக 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டுப் பத்துத் தடவை குறைத்தேன். வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் நானே காசு கட்டி உருளைச் சோதனையில் ஏற்றிப் பார்த்தேன், இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றுபோல வந்தன. காப்புறுதிக்காரர்களிடம் எழுத்தில் தெரிவித்தேன். நீங்கள் வேலையைத் தொடங்கும் முன்பே அவர்களிடமும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யிடமும் கேட்டுவிடுங்கள்.

போன சீசனில் முழுப் பாரத்தோடு, கொட்டும் மழையில் அதே மலையை இறங்கினேன். இப்போதும் இரண்டாம் கியர்தான். கடைசி வளைவிலும் பெடல் முதல் வளைவில் நின்ற உயரத்திலேயே நின்றது. இறங்கியதும் நான்கு டிஸ்க்குக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பின்னால் வலது பக்கம் மட்டும் சூடு கொஞ்சம் அதிகம். ஹேண்ட்பிரேக் கேபிள் அந்தப் பக்கம் இறுக்கமாக இருந்திருக்கிறது. மறுநாள் இரண்டு சுற்று தளர்த்திவிட்டோம்.