கத்திரிப்பூவில் ஒரு நீலக்கோடு

எங்கள் வீடு கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழில், தக்காளி விலைக்குக் கோயம்புத்தூரைப் பார்ப்போம்.

பின்கட்டில் அம்மா வைத்த கத்திரிச்செடிகள் பக்கம் காலையில் டீயோடு நின்றால் ஒரு சத்தம் கேட்கும். பறந்து வரும்போது சாதாரண ரீங்காரம்தான், பூவில் தொற்றியதும் சட்டென்று சுதி ஏறி, மிக்ஸியை விப்பரில் விட்டு விட்டு ஓட்டுகிற மாதிரி ஆகிவிடும். ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும் உடம்பு, கருப்பு வயிற்றில் மயில்கழுத்து நிறத்தில் பட்டைகள். அம்மாவுக்கு அது நீல வண்டு, பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு வெறும் ஈச்ச. ஆனால் அது தேனீ, அமெகில்லா என்கிற சாதி. கூட்டமும் கிடையாது, நமக்கு எடுக்கத் தேனும் கிடையாது. அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை என்று நினைக்கிறேன்.

கத்திரிப்பூவின் மகரந்தம் வெளியே தூவிக் கிடக்காது. மஞ்சள் பைக்குள் இருக்கும், நுனியில் மட்டும் பொடி ஓட்டை, உப்பு டப்பா மாதிரி. உலுக்கினால்தான் கொட்டும். பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. இதுவோ பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். ஆஸ்திரேலியாவில் இதன் பங்காளி ஒன்றைப் படம் பிடித்துப் பார்த்ததில் நொடிக்கு 350 தடவை தலையால் முட்டுகிறதாம்!

சரி, நான் செய்த கூத்து. போன வருஷம் மாட்டுக்கொட்டகை மண்சுவரில் பென்சில் நுழைகிற அளவு ஓட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு பெண் தேனீ தனியாகக் குடைந்து, உள்ளே அறை கட்டி, மகரந்தத்தையும் தேனையும் குழைத்து வைத்து, அறைக்கு ஒரு முட்டையிட்டு மூடிவிட்டுப் போன இடம் என்று பின்னால்தான் தெரிந்தது. சுவர் உளுத்துப்போச்சு என்று கொத்தனாரைக் கூப்பிட்டு நானே சிமென்ட் பூசச் சொல்லிவிட்டேன். கிழக்குப் பக்கம் மட்டும் சிமென்ட் பத்தாமல் தப்பியது.

இப்போது சாயங்காலம் ஆறரைக்கு டார்ச்சோடு போகிறேன். ஆண் தேனீக்களுக்கு வீடு கிடையாது. காய்ந்த துளசிக் காம்பை வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும், ஈரத்துணியைக் கொடியில் போட்ட மாதிரி. நேற்று ஏழு.

“அந்தக் காஞ்ச துளசியைப் புடுங்கி அடுப்புல வை கண்ணு” என்று அம்மா ரெண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறேன்.