காரியக்காரன் நிற்கும் இடம்

கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருக்கும் எனக்குக் காலைத் தியானத்துக்குக் கிடைப்பது ஐந்து மணி முதல் ஐந்தரை மணி வரைதான். ஏழு மணிக்குள் பாளையங்கோட்டையில் கூலியாட்கள் நிற்கும் முக்குக்குப் போய் அன்றைக்குத் தேவையான ஆட்களை அழைத்து வர வேண்டும். அந்த அரை மணி நேரத்தில், சில வருடங்களாக, இயேசு சொன்ன உவமைகளையும் அவர் பந்தியிருந்த வீடுகளைப் பற்றிய பகுதிகளையும் நாளுக்கு ஒன்றாக வாசித்து வருகிறேன்.

அவற்றில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது மத்தேயு 20ஆம் அதிகாரம். விடியற்காலை தொடங்கிப் பதினோராம் மணி வேளைவரை, அதாவது நம் கணக்கில் மாலை ஐந்து மணிவரை, ஒரு வீட்டெஜமான் தன் திராட்சத்தோட்டத்துக்கு ஆட்களை அழைத்துக்கொண்டே இருக்கிறார். சாயங்காலத்தில் பிந்தி வந்தவர்களுக்கும் முந்தி வந்தவர்களுக்கும் ஒரே கூலி, ஆளுக்கு ஒரு பணம். முந்தி வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்று கடைசியில் நின்றவர்கள் சொல்லும் பதில், பத்து மணிக்குமேல் எங்கள் முக்கில் நிற்பவர்கள் சொல்வதேதான். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. வயதானவர்கள், கையில் காயம்பட்டவர்கள், காலையில் என் பார்வை தாண்டிப்போனவர்கள். அந்தக் கதையில் நான் எஜமான் அல்ல என்பதை வெகுநாள் கழித்தே உணர்ந்தேன். எட்டாம் வசனத்தில் கூலியைக் கொடுக்கும்படி அழைக்கப்படுகிற காரியக்காரன்தான் நான்.

ஒரு நாள் கான்கிரீட் போடும்போது மிக்ஸர் பழுதாகி வேலை இழுத்துவிட்டது. மூன்று மணிக்குமேல் முக்குக்குப் போய் இரண்டு பேரை அழைத்து வந்தேன். இரவு ஏழரைக்குத்தான் சிலாப் முடிந்தது. வழக்கப்படி அரைநாள் கூலி எழுதினேன். அவர்களில் பெரியவர் நோட்டுகளை எண்ணி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நாளைக்கு வரட்டுமா, சார்?” என்று மட்டும் கேட்டார். காலையிலிருந்து அங்கே நின்றவர் அவர். உவமையில் வரும் ஒரு பணம் என்பது அக்காலத்தில் ஒரு நாள் கூலி. அதில் பாதி எந்தக் குடும்பத்துக்குப் போதும்?

ஒப்பந்தக்காரரிடம் பலமுறை பேசியபின், சிலாப் நாட்களில் மட்டும், எப்போது வந்தாலும் முழுக்கூலி என்று ஒத்துக்கொண்டார். எட்டு மணியிலிருந்து வெயிலில் ஜல்லி சுமந்தவர்கள் முறுமுறுத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடம்பு நொந்தவர்களின் வார்த்தை அது.

முறுமுறுப்பு என்ற அந்தச் சொல்தான் எனக்கு இயேசுவின் பந்திகளையும் திறந்துவிட்டது. நம் பழைய மொழிபெயர்ப்பில், வரி வசூலிப்பவனான லேவியின் வீட்டில் இயேசு விருந்துண்பதைக் கண்டு, பரிசேயர் என்ற மதத்தலைவர்களும் வேதபாரகரும் முறுமுறுக்கிறார்கள். இன்னொரு வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டுக்கு அவர் போனபோதும் அதே சொல் வருகிறது. லூக்கா 15இல் ‘இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்’ என்ற முறுமுறுப்புக்குப் பதிலாகவே காணாமற்போன ஆடும் வெள்ளிக்காசும் இளைய குமாரனும் வருகிறார்கள். சாப்பாட்டைப் பற்றிய புகாருக்கு இயேசு கொடுத்த மறுமொழிதான் அந்த மூன்று உவமைகளும். இதை அறிந்தபின் பந்தியையும் உவமையையும் என்னால் பிரித்து வாசிக்க முடியவில்லை.

முன்பெல்லாம் சிமெண்ட் கொட்டகையில் மேசை போட்டுத் தனியாகச் சாப்பிடுவேன். இப்போது தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, வேப்பமரத்து நிழலில் அவர்களோடு போய் உட்காருகிறேன். முதல் வாரம் நான் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுபோகும். இப்போது சித்தாள் அக்கா ஒருவர் என்னைக் கேட்காமலே சுட்ட கருவாட்டில் ஒரு துண்டைக் கிள்ளி என் சட்டி மூடியில் வைக்கிறார்.