அப்புத்தளையிலேயே இருந்துவிடுகிறேன்

மலையகத்தில் சின்ன டவுன் ஒன்றில் வாழ்வது எவ்வளவு நல்லது என்று யாராவது எழுதினால், அது பெரும்பாலும் பனிமூட்டத்தில் தொடங்கித் தேயிலை மலைப் படத்தில் முடிந்துவிடுகிறது. எழுதுகிறவர் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனவராக இருப்பார். நான் இலங்கை மலையகத்தில் அப்புத்தளை டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள், கொழும்பில் சில வருஷம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து இங்கேயே குடியிருக்கிறவள். எனக்கு அப்புத்தளை பிடித்திருப்பதற்குக் காரணம் பனி இல்லை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இது சட்டென்று புரியும். அங்கே நாம் இருக்கும் காம்பரா, அந்த ஒற்றை அறை, தோட்டத்துடையது, நடக்கிற ரோடு தோட்டத்துடையது, கூரைத் தகரம் ஒழுகினால் மாற்றித் தரச் சொல்லி ஆபீசில் போய் நிற்க வேண்டும். அம்மா கொழுந்து எடுத்த காலத்தில் எங்களுக்கு வரும் கடிதம் முதலில் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கே கிடந்து, யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டு வந்தால்தான் லயத்துக்கு வரும். நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம், தேர்வு முடிந்த பிறகு கையில் கிடைத்த அண்ணன்மார் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். சரி, கொழும்புக்குப் போனால்? அங்கே ஒரு போர்டிங் அறை, நான்கு பேருக்கு ஒரு குழாய், வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதும் "தோட்டமா?" என்று கேட்கும் ஒரு பார்வை. தோட்டத்தில் எல்லாருக்கும் நம்மைத் தெரியும் ஆனால் நமக்கென்று ஒரு கதவு இல்லை, கொழும்பில் பூட்டுப் போட்ட கதவு உண்டு ஆனால் ஒருவருக்கும் நம்மைத் தெரியாது. இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் எனக்கு இந்தச் சின்ன டவுன்தான். இங்கே என் வீட்டுக்கு இலக்கம் இருக்கிறது, தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

ஊர் ஒரு மலை முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே இறங்கினால் தியத்தலாவை, பண்டாரவளை, தெற்கே பெரகல சந்தி தாண்டினால் கிடுகிடுவென்று கீழ்நாடு, வானம் தெளிந்த நாளில் உடவளவைக் குளம் வரைக்கும் தெரியும். 1924இல் பதுளை வரை போய் முடிந்த கோச்சிப் பாதை, அதாவது ரயில் பாதை, டவுனுக்கு நடுவாலேயே போகிறது. ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், வங்கி, மருந்துக்கடை, கோயில், பள்ளிவாசல் எல்லாம் கால்நடைத் தூரம். நான் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன், மத்தியானம் கம்ப்யூட்டரை மூடிவிட்டு இறங்கினால் அம்மாவின் பிரஷர் மாத்திரை, மீன், மகளின் சப்பாத்துத் தையல் மூன்றையும் முடித்துக்கொண்டு பிளேன்டீ குடிக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். கொழும்பில் இதில் ஒன்றுக்கே பாதி நாள் போகும்.

காலையில் தம்பேதன்னைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்சில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய அந்தத் தோட்டத்தையும் அவர் உட்கார்ந்து பார்த்த மேட்டையும் காணப் போகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள், வேலைக்குப் போகிற அக்காமார், சீருடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோழித்தீவன மூட்டையோடு ஒரு மாமா, எல்லாரும் அந்த ஒரே பஸ்சில். ஜூலை தொடங்கிக் கச்சான் காற்று காய்ந்து அடிக்கும், அந்த இரண்டு மூன்று மாதத்துக் கொழுந்தால்தான் எங்கள் ஊவா மாகாணத் தேயிலைக்குப் பெயர். உதடெல்லாம் வெடிக்கும், துணி ஒரு மணி நேரத்தில் காயும், எனக்கு அந்தக் காலம் பிடிக்கும்.

ஆனால் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிதான் என்னை இந்த ஊரோடு கட்டிப்போட்டது. மார்ச் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரைக்கும் போனது, காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. கொழும்பில் இருந்த தோழிகள் போனில் அழுதார்கள், மாடி வீட்டில் விறகு எரிக்க முடியுமா என்ன. இங்கேயும் வரிசை இருந்தது, பசியும் இருந்தது, தோட்டத்தில் கோதுமை மாவு விலை ஏறியதால் ஒரு வேளை ரொட்டியைக் குறைத்த வீடுகள் எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் சாமான் வாங்கும் கடை முதலாளி, வந்த கொஞ்சம் பால்மாப் பெட்டிகளை விலை கூட்டி விற்காமல், எந்தெந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று நினைவு வைத்து எடுத்து ஒதுக்கினார். யாரும் அவரிடம் பட்டியல் கொடுக்கவில்லை. அவருக்கு வீடுகள் தெரியும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு நோனா அவர்கள் வீட்டு அடுப்பிலேயே எங்களுக்கும் சோறு வடித்தார், நாங்கள் பின்னால் போட்டிருந்த போஞ்சியும் கிழங்கும் அவர்கள் வீட்டுக்குப் போனது. கைக்காசு இல்லாத மாதத்தில் "கொப்பியில் எழுதிக்கிறேன், போ தங்கச்சி" என்று சொல்லி அனுப்பும் கடை, எவ்வளவு பெரிய சுப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்காது.

இதையெல்லாம் சொல்வதால் இது சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். நெஞ்சுவலி என்றால் தியத்தலாவை ஆஸ்பத்திரி, அங்கே முடியாவிட்டால் பதுளை, இரவில் ஓட்டோவில் அந்த வளைவுகளைத் தாண்டும் நேரம் மிக நீளமானது. படித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை, அதைச் சின்ன விஷயமாக யாரும் பேசக்கூடாது. ஒரு பெண் யாரோடு பஸ்சில் வந்தாள் என்பது அவள் வீடு சேர்வதற்கு முன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது, இந்தப் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, இளம் பெண்கள் ஓடிப்போக நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவரை ஒருவர் தெரிந்திருப்பது எப்போதும் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளையில் தமிழர் கடைகள் எரிந்ததை எங்கள் பெரியவர்கள் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். அதே நாட்களில் சிங்கள வீட்டில் ஒளிந்து தப்பிய கதைகளையும் அவர்களே சொல்கிறார்கள். இரண்டும் தெரிந்த பிறகுதான் நான் இங்கே இருக்கிறேன்.

இப்போதைய பயம் வேறு. சுற்றுலாக்காரர் குவியும் எல்ல என்ற ஊர்ப் பக்கம் பெருகிய ஹோட்டல்களும் ஹோம்ஸ்டேகளும் மெதுவாக இந்தப் பக்கமும் ஏறி வருகின்றன. வருமானம் வருகிறது, நல்லது, ஓட்டோ ஓட்டும் தம்பிமார் பிழைக்கிறார்கள். ஆனால் ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியும் வீடு ஒவ்வொன்றும் இரவுக்கு இவ்வளவு என்று வாடகைக்குப் போனால், தோட்டத்தில் இருந்து இறங்கி வந்து முதன்முதலாக ஒரு சொந்தக் கதவு தேடுகிற குடும்பம் எங்கே போகும்? எங்களுக்கு இந்த டவுன் வேண்டியது காட்சிக்காக இல்லை, குடியிருக்க.

திரும்பி வரலாமா என்று யோசிக்கிற தோட்டத்துத் தம்பி தங்கச்சிமாருக்கு நேராகவே சொல்கிறேன். காணி வாங்குவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்தச் சரிவைப் பற்றி விசாரியுங்கள், விலை மலிவு என்று அவசரப்படாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனது இதே மலையின் தெற்குச் சரிவில்தான். ஏப்ரல் விடுமுறையில் வந்து பார்த்து முடிவெடுக்காமல், ஒக்டோபர் நவம்பர் மழையில் ஒரு மாதமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள், சுவர் எப்படிக் கசிகிறது, நெட் எப்படி விழுகிறது, ரோடு எத்தனை நாள் மூடுகிறது என்று தெரியும். வீடு தேடுவதற்கு இணையத்து விளம்பரத்தை நம்ப வேண்டாம். மெயின் வீதியில் ஏதாவது ஒரு பலசரக்குக் கடையில் கேளுங்கள், அப்பா எந்தத் தோட்டம் என்று விசாரித்துவிட்டு, காலியாக இருக்கிற வீட்டையும் அதன் கூரை ஒழுகுமா ஒழுகாதா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.